பொன்னாடை ஏன் திரும்பி வந்தது

நான் செய்தது பிழை என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக அதுதான் கதை. எழுபத்தெட்டு வயது மனிதர் மேடையில் கழுத்தைக் குனித்துக் கொடுத்துக்கொண்டு நிற்க, கையில் பொன்னாடையோடு அவரைக் கடந்து போனவள் எப்படிப்பட்டவள் என்று கேட்கிறீர்கள். எங்கள் வகுப்பு மொனிற்றர், இந்த வயதிலும் அவர் மொனிற்றர்தான், வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி இரண்டு தரம் குரல்பதிவு அனுப்பியிருக்கிறார். மாட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மிச்சத்தை ஆறுதலாகச் சொல்லலாம்.

நீங்கள் அனுப்பி அனுப்பிப் பார்க்கிற வீடியோவை நானும் பார்த்தேன். நான் மேடையால் இறங்குகிறேன். கடைசி வரிசைக்குப் போகிறேன். பிளாஸ்ரிக் கதிரையில் இருக்கும் வயதான பெண்ணொருவரிடம் குனிந்து பொன்னாடையை நீட்டுகிறேன். அவர் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் ஏதோ சொல்கிறார். நான் பொன்னாடையோடு திரும்பி வருகிறேன். “பாவம் மனிசி, காது கேளாது, கூச்சப்பட்டிட்டா” என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். அந்த மனிசிக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் என்ன சொன்னார் என்பது உங்கள் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்வதென்றால் உங்களை ஏழாம் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

அந்த வருடம் காலபோகம் நன்றாக விளைந்திருந்தது. எட்டாம் வாய்க்கால் சந்தி வரைக்கும் தெருவில் நெல்லுக் காய்ந்தது, நாங்கள் காலால் கிண்டிக்கொண்டே பள்ளிக்கூடம் போனோம். வாத்தியார் குடாநாட்டிலிருந்து புதிதாக வந்திருந்தார். நீளக்கைச் சேட்டு, செருப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் அவருடைய கண் பஸ் வரும் பக்கம் நிற்கும். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: பெரியவர்களாகி என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்களிடம் முதன்முதல் கேட்ட ஆள் அவர்தான். பெடியன்கள் எல்லோரும் வயல் என்றார்கள். நாங்கள் பெண் பிள்ளைகள் சிரித்தோம். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

அடுத்த நாள் “தொழில் கொப்பி” வந்தது. ஞாபகம் இருக்கிறதா? நீ செய்ய விரும்புகிற வேலையைச் செய்கிற ஒருவரை நீயே தேடிப் பிடி. ஒரு மாதம் அவருக்குப் பக்கத்தில் நின்று பார். ஒவ்வொரு நாளும் படித்ததை எழுது. கடைசி நாள் அந்த ஆளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வா, முன்வரிசையில் வெள்ளை விரித்த கதிரையில் இருத்துவோம், கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வருவார். நல்ல கொப்பி எழுதிய ஒரு பிள்ளைக்குப் பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஹொஸ்ரலோடு இடம். வாத்தியார் கடிதம் கொடுப்பார். நல்ல யோசனைதான், இன்றைக்கும் சொல்கிறேன். நல்ல யோசனையாக இருந்தபடியால்தான் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

உங்களில் ஐந்து பேர் எஞ்சினியர் ஐயாவைப் பிடித்தீர்கள். அவர் குளம் பார்க்க ஜீப்பில் வருவார், போவார். குளக்கட்டில் மருதமரத்துக்குக் கீழ் கொப்பியோடு நீங்கள் காவல் இருந்தது எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் அவர் ஜீப்பால் இறங்கியது ஒரேயொரு தரம், அதுவும் சலம் கழிக்க. அதை ஒருவரும் கொப்பியில் எழுதவில்லை. மொனிற்றர் தபாற்கந்தோர் ஐயாவைப் பிடித்து, முத்திரைக்குப் பசை தடவுவது எப்படி என்று நாலு பக்கம் எழுதினார். சிரிக்காதீர்கள், நானும் அப்போது பொறாமைப்பட்டேன்.

நான் மில்லக்காவைப் பிடித்தேன்.

சந்திக்குப் பின்னால் தகரம் போட்ட அரிசி மில். புருஷன் பாம்பு கடித்துச் செத்த பிறகு அவர்தான் எஞ்சின் ஓட்டினார். சேலைக்கு மேல் புருஷனின் சேட்டைப் போட்டு, கைகளை முழங்கை வரைக்கும் மடித்து விட்டிருப்பார். முப்பது வயதுதான் இருக்கும். ஊரில் அவரைப் பற்றிக் கதைக்காத பெண்கள் இல்லை, அவரிடம் நெல்லுக் கொண்டுபோகாத பெண்களும் இல்லை. அவித்த நெல்லின் மணமும் டீசல் மணமும் கலந்து, உள்ளே போய் வந்தால் அன்று முழுக்கத் தலைமயிரில் நிற்கும். பெல்ட் வழுக்கினால் குங்கிலியத் தூள் போடுவார். ஒரு நிமிடம் கோயில் மாதிரி மணக்கும், பிறகு திரும்பவும் மில்.

எஞ்சினை அவர் தொடக்குவதைப் பார்க்கத்தான் நான் நெல்லுச் சாக்கோடு போவேன். மேலே ஒரு சின்ன நெம்பை இடக்கையால் தூக்கிப் பிடிப்பார். வலக்கையால் இரும்பு ஹாண்டிலைச் சுற்றுவார். பெரிய சில்லு மெல்ல அசைந்து, வேகம் பிடிக்க, நெம்பை விடுவார். டும். இன்னொரு டும். பிறகு தகரம் முழுக்க அதிரும். ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்து திணறுகிற வேலையை அவர் தனியே செய்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு தராசடிக்குப் போவார். எனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஹாண்டிலைச் சுற்றுவதைவிட வேறு ஒன்றும் இந்த உலகத்தில் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பக்கத்தில் நின்று படிக்கலாமா என்று கேட்டேன். இங்கே படிக்க ஒன்றுமில்லை, தவிடு கண்ணுக்குள் விழும் என்றார். போகாமல் நின்றேன். எஞ்சின் துடைக்கிற பழந்துணி ஒரு சாக்கைக் காலால் என் பக்கம் தள்ளினார். “எண்ணெய் இழுக்கிற சீலை ஒரு பக்கம், இழுக்காதது மற்றப் பக்கம். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி கேக்கலாம். ரண்டாவது கேட்டியோ, வெளியில” என்றார். பருத்திச் சேலை, பழைய வேட்டி நல்லது. நைலோன் உதவாது. விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் தெரியும். முதல் கிழமை அவ்வளவுதான் படித்தேன்.

இருபத்து மூன்று நாள் போனேன், இருபத்து மூன்று கேள்வி. தொட்டித் தண்ணீர் ஏன் சுடுகிறது, புகை கறுத்தால் என்ன, வெளுத்தால் என்ன, சத்தம் மாறினால் எந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்ப்பது. நெற்றிவியர்வையைச் சேட்டுக் கையால் துடைத்துவிட்டுப் பதில் சொல்வார். சில நாள் தெரியாது என்பார். ஒரு கேள்விக்கு மூன்று நாள் கழித்து, எஞ்சினைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னார். எங்கள் வாத்தியார் ஒரு நாளாவது தெரியாது என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கொப்பியில் எஞ்சினைப் பென்சிலால் கீறினேன். நான் வாழ்நாளில் கீறிய ஒரே படம் அது.

ஹாண்டிலைத் தரச் சொல்லி இருபதாம் நாள் கேட்டேன். அன்றைய கேள்வியை அதற்காகவே வைத்திருந்தேன். “நெல்லு வெட்டு முடியட்டும், தாறன். அதைப் பிடிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. அதைச் சொல்லாமல் தரேலாது. இப்ப நேரமில்லை” என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லிக் கேட்டபோது அவர் கையிலிருந்த ஸ்பனர் அப்படியே நின்றது. “என்னையோ?” என்றார். ஊரில் ஒரு கலியாணத்துக்குக்கூட அவரை முன்னுக்கு இருத்தமாட்டார்கள். கதிரையில் வெள்ளை விரித்திருக்கும் என்று சொன்னேன். கறை படுமே என்று யோசித்தார். பிறகு, அன்றைக்கு அரை நாள் மில்லைப் பூட்டுகிறேன் என்றார். அறுவடைக் காலத்தில், வாசலில் சாக்கு வரிசையாக நிற்கிற நேரத்தில், அந்த மில் பூட்டி ஒருவரும் கண்டதில்லை.

விழாவுக்கு முதல் நாள் வாத்தியார் கொப்பிகளைப் பார்த்தார். என்னை மட்டும் மேசைக்குக் கூப்பிட்டார். கொப்பி திறம், இதைவிடத் திறமான கொப்பி இல்லை என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு, மில்லக்காவின் பெயர் எழுதிய முதல் பக்கத்தைக் கிழித்தார். கோபமாக அல்ல, ஆறுதலாக, அடிமட்டம் வைத்து நேர்கோடாகக் கிழித்தார்.

“முன்மாதிரி எண்டால் அண்ணாந்து பார்க்கிற ஆள், பிள்ளை. தவிடு தட்டுற பொம்பிளையைக் காட்டினால் பள்ளிக்கூடத்துக்குத்தான் வெக்கம். ஹொஸ்ரல் வேணுமெண்டால் நாளைக்கு எஞ்சினியர் ஐயா எண்டு சொல்லு.”

எனக்கு ஹொஸ்ரல் வேண்டும். அதை மறைக்க மாட்டேன். நான் ஓம் என்றேன். மில்லுக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். போய், நாளைக்கு வரவேண்டாம் என்று ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அறுவடைக்குள் அவர் எங்கே வரப்போகிறார் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

வந்தார். நீங்களும் கண்டீர்கள், கண்டு சிரித்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். சேட்டு இல்லாமல், மடிப்புக் கலையாத நீலச் சேலை. கையைச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்த்திருக்கிறார், தோல் சிவந்திருந்தது, நகக்கண்ணில் மட்டும் கறுப்புப் போகவில்லை. கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டு, வெள்ளை விரித்த கதிரையின் நுனியில் இருந்தார். எஞ்சினியர் ஐயாவுக்குப் போட்ட கதிரை வெறுமையாகக் கிடந்தது. அவர் அன்றைக்கும் வரவில்லை.

என்னை எழுப்பி, வழிகாட்டி யார் என்று வாத்தியார் கேட்டார். எஞ்சினியர் ஐயா என்றேன். அதோடு முடிந்திருந்தால்கூட நான் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு வாழ்ந்திருப்பேன். கந்தோரிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர். மில்லக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டு, “அப்ப இவா ஆர் பிள்ளை, உம்மட அம்மாவோ?” என்று சிரித்துக்கொண்டு கேட்டார். நான் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தேன்.

“இல்லை சேர். எனக்குத் தெரியாது.”

மில்லக்கா எழும்பினார். திரும்பி நின்று, கதிரையின் வெள்ளைத் துணியில் கறை பட்டிருக்கிறதா என்று பார்த்தார். துணியைக் கையால் ஒருதரம் நீவிவிட்டுப் போனார். பரிசு கொடுக்கிற நேரம் சந்திப் பக்கமிருந்து எஞ்சின் தொடங்கிய சத்தம் கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். வாசலிலேயே மறித்தார். “ஆர் பிள்ளை நீ? எனக்குத் தெரியாதே” என்றார். நெல்லுக் கொண்டுவந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதற்குப் பிறகு அம்மாவின் நெல்லை அண்ணைதான் கொண்டுபோனார்.

ஹொஸ்ரல் இடம் யாருக்குப் போனது என்று உங்களுக்குத் தெரியும். வாத்தியாரின் அக்கா மகனுக்கு. அந்தத் தவணைதான் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெயர் பதிந்த பெடியன், தொழில் கொப்பியே எழுதாதவன். என் கொப்பியை அதிகாரிக்குக் காட்டவேண்டும் என்று வாத்தியார் வாங்கி வைத்தார், திரும்பத் தரவேயில்லை. அந்தப் பெடியன் பட்டணத்துக்கு எதைக் காட்டிப் போனான் என்று நான் கேட்கவும் இல்லை. எனக்குத் தெரியும்.

வாத்தியாருக்கு அப்போது இருபத்தாறு வயது. முதல் நியமனம். அதிகாரிக்குப் பயம், வீட்டில் அக்காவுக்குப் பயம். இதெல்லாம் எனக்கு இப்போது விளங்குகிறது. விளங்கினால் கோபம் போய்விடவேண்டும் என்று சட்டமா? எனக்குப் பன்னிரண்டு வயது என்பது அவருக்கு விளங்கியதா?

பிறகு நான் பட்டது உங்களுக்குத் தெரிந்ததுதான். கலியாணம், வயல், ஒரு பழைய தண்ணீர்ப் பம்பு. சண்டையால் பாதை பூட்டி டீசல் வராத காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சினைப் பழக்கப் பார்த்தோம். எனக்குக் காட்டித் தர ஆளில்லை. யாரைக் கேட்டாலும், பொம்பிளைக்கு என்னத்துக்கு இது என்றார்கள். ஒருநாள் ஹாண்டிலைச் சுற்றும்போது எஞ்சின் பின்னுக்கு உதைத்தது. வலக்கைப் பெருவிரல் மூட்டு இரண்டாகப் போனது. இன்றைக்கும் அது வளைந்துதான் நிற்கிறது, நீங்கள் கைகொடுக்கும்போது பார்த்திருப்பீர்கள். அந்த விரலோடுதான் புளியங்குளம் வரைக்கும் போய்ப் பம்பு திருத்தினேன். இடம்பெயர்ந்த இடமெல்லாம் திருத்தினேன். விரல் நோகும்போதெல்லாம் வாத்தியாரைத்தான் திட்டினேன். சாமி கும்பிடுகிற மாதிரித் தவறாமல் திட்டினேன்.

இப்போது கடை இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் தொழில் வழிகாட்டல் நாளாம், நான் முன்மாதிரியாம், அழைப்பிதழ் கொண்டு வந்தார்கள். அதிலே அடித்திருந்தது: தன்னை உருவாக்கிய ஆசானுக்கு அவர் பொன்னாடை போர்த்துவார். கொண்டுவந்த இளம் ஆசிரியை வெகு சந்தோஷமாகச் சொன்னாள், “சேர் எங்களிட்டைச் சொன்னவர், நீங்கள் அவற்ர கையால வளர்ந்த பிள்ளையாம்.”

நான் சரி என்றேன். அவள் போன பிறகு சிரித்தேன். ஐம்பது வருடமாகக் காத்திருந்தது தானாக நடந்து கடைக்கு வந்திருக்கிறது, சிரிக்காமல் என்ன செய்ய?

மில்லக்கா ஜெயபுரத்தில் தங்கச்சி வீட்டில் இருக்கிறார் என்று விசாரித்து அறிந்தேன். நானே போயிருக்கலாம். போகவில்லை, தெரிந்த ஆட்டோக்காரரை அனுப்பினேன். பள்ளிக்கூடத்தில் விழா, பழைய ஆட்களைக் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். மேடையில் எத்தனை அடி, எந்தப் படியால் இறங்குவது, எல்லாம் மனதுக்குள் நடந்து பார்த்தேன். வாத்தியார் குனிந்த பிறகுதான் விலகவேண்டும், அதற்கு முதல் விலகினால் சுவையில்லை என்றுகூட யோசித்தேன்.

அப்படியே நடந்தது. பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் சிரித்துக்கொண்டு எழும்பி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்தைக் குனித்தார். பிடரியில் நரைமயிரை ஒழுங்காக வெட்டியிருந்தார். நான் அவரைக் கடந்து போனேன். பின்னால் மண்டபம் முழுக்க ஒரு முணுமுணுப்பு. அந்த ஒரு நிமிடம் எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், தேனாக இனித்தது.

கடைசி வரிசையில் மில்லக்கா. சுருங்கி, சின்னதாகிப் போயிருந்தார். “மில்லக்கா, நான்தான். இது உங்களுக்கு” என்றேன்.

பொன்னாடையின் கரையை இரண்டு விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். “இது எண்ணெய் இழுக்காது” என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தோளில் போடப் போனேன். அவர் என் வலக்கையைப் பிடித்து நிறுத்தினார். பொன்னாடையைப் பார்க்கவில்லை. பெருவிரலைப் பார்த்தார்.

“சுத்திப் பிடிச்சனியோ?”

“ஓம்.”

“பெருவிரலும் மற்ற விரலுகளோடை ஒரே பக்கம் இருக்கவேணும். உதைச்சாலும் கை கழண்டு வந்திடும். வெட்டு முடியச் சொல்ல இருந்தனான்.”

கையை விட்டார். பிறகு சொன்னதைச் சத்தம் வைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் வீடியோவில் அது இல்லை.

“அண்டைக்கும் அந்தாளின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் என்னைத் தெரியாதெண்டனி. இண்டைக்கும் அந்தாளுக்குக் காட்டத்தான் என்னட்டை வந்தனி. எனக்கெண்டு நீ ஒருநாளும் வரேல்லைப் பிள்ளை. கொண்டு போ.”

ஆட்டோ அனுப்பியது நான்தான் என்று தெரிந்துகொண்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். என்ன செய்கிறாய் என்று பார்க்க வந்தேன், பார்த்துவிட்டேன் என்றார். ஆட்டோக்காரரைக் கூப்பிடச் சொன்னார். எழும்பும்போது பிளாஸ்ரிக் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

இதுதான் நடந்தது. நான் பொன்னாடையோடு திரும்பி வந்ததைப் பார்த்து, மனம் மாறிவிட்டாள், வாத்தியாருக்குப் போடப்போகிறாள் என்று கைதட்டியவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். மனம் மாறவில்லை. அவரைக் குனியவைத்தது குனியவைத்ததுதான், நான் அதற்கு வருந்தவில்லை. என் கொப்பியைத் திரும்பத் தந்தால் மன்னிப்பைப் பற்றிக் கதைக்கலாம் என்று மொனிற்றர் அவரிடம் போய்ச் சொல்லட்டும். ஆனால் விரல் நொந்தபோதெல்லாம் அவரையே திட்டினேனே தவிர, மில்லக்காவைத் தேடி ஐம்பது வருடத்தில் ஒருதரம் பஸ் ஏறவில்லை. அதற்கு வாத்தியார் பொறுப்பில்லை.

நாளைக்கு அரை நாள் கடை பூட்டு, ஜெயபுரத்துக்குப் போகிறேன். சிறுபோகத் தண்ணீர் விட்டிருக்கிற நேரம், பம்புகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன, வந்தவர்கள் ஏசுவார்கள். ஏசட்டும். பொன்னாடை கொண்டு போகவில்லை. கேட்பதற்கு ஒரு கேள்வி மட்டும் வைத்திருக்கிறேன். வாசலில் மறித்து, ஆர் பிள்ளை நீ என்று கேட்டால், அந்த வாசலிலேயே நிற்பேன்.

உங்களில் ஒருவரும் அந்தப் பக்கம் வரவேண்டாம். படம் எடுக்க ஒருவரும் வரவே கூடாது.